சாமி கையில் சிக்கிய ஏழு வசனங்கள்

மாதா கோயிலில் பூசை முடியப்போகும் நேரம். நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. அறிவிப்பு வாசிக்க எழுந்த எங்கள் கோயில் பாதிரியார், பங்குச் சாமி, வழக்கமான நோட்டுப் புத்தகத்தை எடுக்காமல் ஒரு துண்டுக் காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். வெளிர் மஞ்சள் நிறம். ஒரு ஓரம் கோணலாக வெட்டியிருந்தது. மூலையில் என் கட்டைவிரல் ரேகையோடு வார்னிஷ் கறை.

அது நான் எழுதிய காதல் கடிதம்.

"இத எழுதுனவங்க யாருன்னு எனக்குத் தெரியல. ஆனா இந்தப் பங்குல ஒரு ஆன்மா வேதத்துக்குள்ள முங்கி முத்தெடுத்துக்கிட்டு இருக்குன்னு மட்டும் தெரியுது" என்றார் சாமி.

பாடகர் குழுவில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த ஃபிலோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரில் மோட்டார் வந்தது, நாய் கடித்தது வந்தது, என் மாமன்மார் நால்வரும் வரிசையாக வந்து போனார்கள், காதல் மட்டும் ஏன் வரவில்லை என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். வராமலென்ன? வந்தது. வந்து சாமி கையில் மாட்டிக்கொண்டது.

எண்களால் ஒரு கடிதம்

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பாபநாசம் கடைத்தெருவின் கோடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். வயலில் எரிந்துபோன மோட்டார் வரும். பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசிக் கொடுப்பேன். செபஸ்தியான் என்பது ஞானஸ்நானப் பெயர். ஊரில் கேட்டால் யாருக்கும் தெரியாது. காயில் செபா என்றால்தான் தெரியும்.

ஃபிலோ எங்கள் ஊர் உபதேசியாரின் மகள். உபதேசியார் என்றால் சாமி இல்லாத நாளில் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லித்தருவதும், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பதும் அவர்தான். அந்தோணிசாமி என்று பெயர். வாழ்நாளில் பொய் சொல்லாதவர். மற்றவர்கள் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இப்படி ஒருவருக்கு மகளாகப் பிறந்த பெண்ணைக் காதலிப்பது, ஃபியூஸ் கட்டை இல்லாத லைனில் கை வைப்பது மாதிரி.

ஃபிலோ பி.எட். முடித்துவிட்டு ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஏழரை பஸ்ஸில் போவாள். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு செல்போன். அதுவும் உபதேசியாரின் சட்டைப் பையில், ஜெபமாலையோடு. ஆகவே நாங்கள் பேசிக்கொள்ளக் கடிதம்தான் வழி. கடிதம் பிடிபட்டால்?

அதற்குத்தான் எண்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த வித்தைதான். வார்த்தை ஒன்றும் எழுத வேண்டாம். பைபிளில் எந்த அதிகாரம், எந்த வசனம் என்கிற எண்கள், அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் மாதிரி இருக்கும். வாங்கியவர்கள் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு படித்துக்கொள்ளலாம். காயில் சுற்றும்போது இடையில் வைக்கிற இன்சுலேஷன் பேப்பரில் ஒரு துண்டு வெட்டி, ஏழு எண்களை எழுதி, பாடகர் குழு பெஞ்சில் ஃபிலோவின் பாட்டுப் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். அன்றைக்கென்று பார்த்து முதல் வாசகம் வாசிக்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். ஃபிலோவை அனுப்பினார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போக, காகிதம் நழுவிப் பீடத்தின் அடியில், சாமியின் செருப்பில்லாத கால் பக்கத்தில் போய் விழுந்தது.

ஏழும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. பழைய ஏற்பாட்டின் நடுவில் எட்டு அதிகாரத்துக்கு ஒரு காதல் பாட்டு இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பத்திரிகையைப் போட்டுவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள்.

கோதுமையும் சுகரும்

அந்தப் பாட்டை எனக்குக் காட்டிக்கொடுத்ததே பங்குச் சாமிதான். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

அவர் வெளிநாட்டில் வேதம் படித்துவிட்டு அப்போதுதான் எங்கள் பங்குக்கு வந்திருந்தார். ஒல்லியான மனிதர், சின்ன வயதிலேயே முன்வழுக்கை. அந்தப் பாட்டுக்குப் பழங்காலத்து வேத அறிஞர்கள் எழுதிவைத்த விளக்கங்கள் என்றால் அவருக்கு உயிர். சோறு தண்ணீர் வேண்டாம். அதை ஊருக்கே சொல்லித்தருவது என்று முடிவு செய்து அன்பியக் கூட்டங்களில் ஆரம்பித்தார்.

அன்பியம் என்பது தெருவில் இருபது வீடு சேர்ந்து மாதம் இரண்டு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது. வேதம் வாசிப்பார்கள், அவரவர் மனதில் பட்டதைச் சொல்வார்கள், ஜெபம் செய்வார்கள், சுண்டல் சாப்பிடுவார்கள். சுண்டலுக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு. நான் ஃபிலோவுக்காக வந்தேன்.

பாட்டில் ஒருவன் தன் காதலியைத் தலை முதல் கால் வரை வர்ணிக்கிறான். பல்லை, மயிர் கத்தரித்துக் குளிப்பாட்டிய ஆட்டு மந்தைக்கு ஒப்பிடுகிறான். சாமி விளக்கினார். பற்கள் என்றால் பற்கள் அல்ல. அவை புனிதர்கள். தப்பான வழியில் போகிறவர்களைக் கடித்து, மென்று, கடினத்தைப் போக்கித் திருச்சபை என்கிற உடலுக்குள் அனுப்புகிறார்கள். பெரிய மகான் ஒருவர் இதை எழுதிவிட்டு, இப்படிப் படிப்பதில் தனக்கு ஏன் இவ்வளவு இன்பமோ தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாராம். செட்டுப் பல் கட்டிய இரண்டு பேர் நாக்கால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன்.

அடுத்த கூட்டத்தில் மார்பு வந்தது. சாமி இருமினார். தண்ணீர் குடித்தார். அவை இரண்டும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. நடுவில் தொங்குகிற வாசனைப் பொட்டலம் கிறிஸ்து என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஜோசபின் அக்கா, வாயைக் கட்டி வைக்கத் தெரியாதவர், இதில் எது பழையது எது புதியது என்று பக்கத்திலிருந்தவரின் காதில் கேட்டுவிட்டார். பக்கத்திலிருந்தவர் என் அம்மா. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசவில்லையே தவிர, வீட்டில் தனியாக இருக்கும்போது சிரித்தார்.

அப்புறம் வயிறு. அது கோதுமைக் குவியல் மாதிரி இருக்கிறதாம். இந்த இடத்தில் கூட்டம் திணறிவிட்டது. நெல் அம்பாரம் என்றால் எங்களுக்குப் புரியும். கோதுமை எங்கள் ஊருக்குள் வருவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். சுகர் வந்தவர்கள் ராத்திரி சப்பாத்திக்கு. ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்த்து எவனாவது சுகர்காரர் சாப்பாட்டை நினைப்பானா என்று ஜோசபின் அக்கா நியாயமாகவே கேட்டார். சாமி பொறுமையாக, கோதுமை நற்கருணை அப்பத்தைக் குறிக்கிறது, வயிறு திருச்சபையின் களஞ்சியம் என்றார். எல்லோரும் அவரவர் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.

இன்னொரு கதை சொன்னார், அதை நான் மறக்கவில்லை. ஒரு துறவி இந்தப் பாட்டுக்குப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பல வருஷம், எண்பதுக்கு மேல் பிரசங்கம். மூன்றாம் அதிகாரத்தின் வாசலுக்கு வந்ததும் இறந்துபோனார். விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்கினார், அவரும் ஐந்தாம் அதிகாரத்தில் போய்ச் சேர்ந்தார். மூன்றாவதாக ஒருவர் வந்துதான் கடைசி வரைக்கும் கொண்டுபோனார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வது மாதிரிதான் என்று எனக்குத் தோன்றியது. காதலிக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து படித்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

உடம்பின் ஆசைகள் அடங்காதவர்கள் இதைத் தொடவே கூடாது என்று தடுத்தவர்களும் இருந்தார்களாம். எங்கள் அன்பியத்தில் ஆசை அடங்கிய வயதுக்காரர்கள் நாலு பேர்; நாலு பேருக்கும் காது மந்தம். நம் சபையிலிருந்து பிரிந்துபோன ஒரு பெரியவர், இது காதலும் அல்ல ஆன்மாவும் அல்ல, நாட்டில் நல்லாட்சி நடப்பதற்காக அரசன் கடவுளுக்குச் சொன்ன நன்றி என்றாராம். அதைக் கேட்டதும் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இது வெறும் காதல் பாட்டு, மனிதக் காதலும் கடவுள் தந்ததுதான் என்று யாரும் சொல்லவில்லையா என்று நான் கேட்டேன். இப்போதைய அறிஞர்கள் நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சாமி ஒப்புக்கொண்டார். உபதேசியார்தான் குறுக்கே வந்தார். இருபத்தெட்டு வருஷமாக நான் சொல்லித்தருகிறேன், இதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, கிறிஸ்துவும் திருச்சபையும் மட்டுமே என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இன்னொரு நாள் நிறம் வந்தது. பாட்டின் தொடக்கத்தில் ஒரு பெண் தான் கருத்தவள் என்கிறாள், ஆனாலும் அழகி என்கிறாள். அது பாவத்தால் கருத்த ஆன்மா என்றார் சாமி. வாசிக்கச் சொன்னது ஃபிலோவை. அவள் அடுத்த வரியையும் சேர்த்து வாசித்தாள். அண்ணன்மார்கள் அந்தப் பெண்ணைத் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள், வெயில் பட்டுக் கருத்தாள், அவ்வளவுதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வந்த பெண்கள்தான் அங்கே பாதிப் பேர். ஃபிலோவின் அம்மா ரீத்தம்மாளும் அவர்களில் ஒருவர். உபதேசியார் சம்பளத்தில் குடும்பம் ஓடாத நாளெல்லாம் அவர் நடவு நட்டுத்தான் ஃபிலோவைப் படிக்க வைத்தார். அவர் முந்தானையால் கையை மூடிக்கொண்டார்.

ஃபிலோவும் அம்மா நிறம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதல் பஸ் கண்டக்டர் வரை அதைச் சொல்லாத ஆள் இல்லை. என் கடிதத்தில் முதல் எண்ணாக நான் எழுதியது அந்த வசனத்தைத்தான்.

நேர்ந்துவிட்ட பிள்ளை

பூசை முடிந்து, காகிதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, சாமி நேராக என்னிடம் வந்தார். இன்சுலேஷன் பேப்பரும் வார்னிஷும் ஊரில் வேறு யாரிடம் இருக்கப்போகிறது? அவருக்குப் பின்னால் உபதேசியார். அவருக்குப் பின்னால் என் அம்மா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். உபதேசியார் என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தியானம், சாமி" என்றேன். வேதத்தின் மேல் பக்தியுள்ள ஒருவனைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை போலும், முதன்முறையாக அவர் கண்டுபிடிக்கத் தவறினார்.

என் ஏழு எண்களையும் சாமி முந்தின ராத்திரியெல்லாம் படித்தது போல் விளக்கினார். முதலில் பாவ உணர்வு. இரண்டாவதில் இறைவனின் குரல். மூன்றாவது, எழுந்து வா என்கிற அழைப்பு. இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, ஆறாவதில் வயலுக்கும் கிராமத்துக்கும் விடியலில் புறப்படுகிற ஊழியம், ஏழாவதில் மரணத்தைப் போல வலிமையான அன்பு. ஆன்மா கடவுளை நோக்கி ஏறும் ஏழு படிகளை, ஒருவரும் சொல்லித்தராமல், ஒரு மோட்டார் மெக்கானிக் கண்டுபிடித்திருக்கிறான். இது தேவ அழைத்தல் அல்லாமல் வேறென்ன? இவன் சாமியாராகப் போக வேண்டிய பிள்ளை என்றார்.

ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள எழுதிய கடிதம், எந்தப் பெண்ணையும் கட்டிக்கொள்ள முடியாத இடத்துக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

மறுக்கலாம் என்று வாயைத் திறந்தபோது அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நான் பிறந்ததும் மூச்சு வாங்க மாட்டாமல் நீலம் பாய்ந்து கிடந்தேனாம். பிழைத்தால் உனக்கே தருகிறேன் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம். இருபத்தைந்து வருஷமாக அதை என்னிடம் சொல்லவில்லை. கடையும் காயிலுமாகத் திரிகிற பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று பயந்து, தினம் ஜெபமாலை சொல்லி மாதாவிடம் தவணை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது மாதாவே இறங்கி வந்து வழி செய்துவிட்டாள் என்றார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கையைத் தட்டிவிட எனக்குத் தெம்பில்லை. நான் கோழை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஒரே வாரத்தில் ஊர் மாறிவிட்டது. காயில் செபா, செபா சாமி ஆனேன். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் பேரம் பேசாமல் நெற்றியில் சிலுவை போடச் சொன்னார்கள். டீக்கடையில் நான் போனால் சினிமாப் பாட்டை நிறுத்தினார்கள். ஒருவர் தன் எருமை சினை பிடிக்க வேண்டுமென்று ஜெபிக்கக் கூப்பிட்டார். போனேன், ஜெபித்தேன், அது பிடித்தும் தொலைத்தது. என் பெயர் இன்னும் உயர்ந்தது.

காபிக்குச் சர்க்கரை

எல்லாவற்றையும்விட வினோதம், உபதேசியார் வீட்டுக் கதவு எனக்குத் திறந்ததுதான். தெருவில் நின்றாலே முறைத்தவர், "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சாமியாராகப் படிக்கும் குருமடத்துக்குப் போகுமுன் நான் கற்றுக்கொள்ள வேண்டிய லத்தீன் ஜெபங்கள் அவரிடம் இருந்தன. ஃபிலோ காபி கொண்டுவந்தாள். சாமியாருக்குச் சர்க்கரை போடலாமா, இல்லை அதுவும் துறந்தாயிற்றா என்று அப்பாவிடமே கேட்டாள். உபதேசியார் அதை உண்மையான சந்தேகமாக எடுத்துக்கொண்டு, தவக்காலத்தில் மட்டும் வேண்டாம் என்று பதில் சொன்னார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஃபிலோவுக்கு வந்த நாகப்பட்டினத்து வரன் பற்றிக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை ஐஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். நல்ல குடும்பம், பூசை தவறாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். போட்டோவில் இருக்கிற நிறம்தானா, இல்லை நேரில் இன்னும் குறைச்சலா என்று போனில் இரண்டு முறை கேட்டார்களாம். உபதேசியார் பொய் சொல்ல மாட்டாரே, நேரில் இன்னும் கொஞ்சம் கருப்பு என்று சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, அனுசரித்துக்கொள்கிறோம் என்றார்களாம் அவர்கள். ரீத்தம்மாள் அடுப்பங்கரையில் பாத்திரத்தை வேகமாக வைத்த சத்தம் கேட்டது.

மறுநாள் ஏழரை பஸ்ஸுக்கு ஃபிலோ வந்தபோது குடமுருட்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பெண்கள் அதற்குள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஃபிலோ சிரிக்கவில்லை. "சனிக்கிழமை அன்பியம் எங்க வீட்டுல. அன்னிக்கு நீங்க சொல்லுங்க. சொல்லலைன்னா நான் கேப்பேன்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

ஆன்மாவின் சந்தேகம்

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் வீட்டில் உட்கார இடமில்லை. குருமடத்துக்கு ஆள் சேர்க்கும் முகாமுக்கு நான் புறப்படுமுன் என் ஏழு படிகளையும் நானே விளக்க வேண்டும் என்பது சாமியின் ஏற்பாடு. என் எதிரில் அம்மா, புதுப் புடவையில். சாமி கையில் என் காகிதம். அதைத் தன் ஜெபப் புத்தகத்தில் புனிதப் படம் மாதிரி பத்திரமாக வைத்திருந்தார்.

முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். அம்மாவின் புடவை கண்ணில் பட்டது. வாய் தானாக, இரண்டாவது வசனத்தில் வருகிற குரல் இறைவனின் குரல் என்றது. ஆமென் என்றார்கள். கூச்சமில்லாமல் மூன்றாவதுக்குப் போனேன். அதற்கும் ஆமென். முதல் வசனத்தை மட்டும் தாண்டிக்கொண்டு போனேன். அதைப் பாவத்தால் கருத்த ஆன்மா என்று சொல்ல என்னால் முடியவில்லை, ரீத்தம்மாள் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஃபிலோ எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "சாமி, ஒரு சந்தேகம். இந்தப் பாட்டுல வர்ற பொண்ணு ஆன்மாதானே?"

"சந்தேகமே வேண்டாம்மா. ஆன்மாதான்."

"அந்த ஆன்மாவப் பொண்ணு பாக்க நாளைக்கு நாகப்பட்டினத்துலேருந்து வர்றாங்க. வசனம் எழுதி அனுப்புனவரு வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறாரு. ஆன்மா என்ன செய்யணும் சாமி?"

சாமி கண்ணை மூடிக்கொண்டார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை இருப்பது அந்த ஒரு நிமிஷத்தால்தான். கேலி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேள்வி என்றால் பதில் உண்டு என்று நம்புகிற மனிதர். நாகப்பட்டினம் என்பது கடல், கடல் உலக ஆசைகளைக் குறிக்கும் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

ஜோசபின் அக்காதான் முதலில் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது.

"சாமி, அது தியானம் இல்ல. லெட்டர். நான் ஃபிலோவுக்கு எழுதுனது. ஏழும் அவளுக்குத்தான்."

சாமி காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பரீட்சையில் நன்றாக எழுதிய கேள்விக்குப் பூஜ்யம் வாங்கிய பையனின் முகம். அப்படியானால் ஆறாவது வசனம், விடியலில் வயலுக்குப் போகிற ஊழியம், அது என்ன என்று கேட்டார்.

"ஏழரை மணி பஸ்ஸுங்க சாமி. பாலத்துக்கிட்ட நிக்கிறேன்னு அர்த்தம்."

அம்மா அழ ஆரம்பித்தார். நேர்ச்சை என்னாவது, மாதா கேட்டால் என்ன சொல்வேன் என்றார். நான் அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தேன். சாமிதான் காகிதத்தை மடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"கல்யாண வீட்டுல திராட்சரசம் தீந்துபோச்சேன்னு அடுத்த வீட்டுக்காரங்களுக்காகக் கவலைப்பட்டவங்கம்மா மாதா. கல்யாணம்னா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. மத்தத நான் பேசிக்கிறேன்."

அம்மா உடனே சமாதானமாகிவிடவில்லை. ஆனால் என் தலையில் கையை வைத்தார். அந்தக் கையின் பாரம் இப்போதும் எனக்குத் தெரியும்.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். இருபத்தெட்டு வருஷமாக ஆணும் பெண்ணும் இல்லாத ஒரு பாட்டிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறங்கி அவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஃபிலோ மீற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சுண்டலைத் தொடவில்லை.

ரீத்தம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். எந்த அன்பியத்திலும் ஒரு வார்த்தை பேசாதவர்.

"அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன் சாமி. வெயில்ல கருத்தவளப் பாத்து ஒருத்தன் அழகுன்னு சொல்றான். அதுக்கு மேல அதுக்கு எதுக்கு அர்த்தம்?"

நல்லவேளை, சாமி அதற்கு விளக்கம் தேடவில்லை.

ரீத்தம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "நாகப்பட்டினத்துக்குப் போன் போடுங்க. அனுசரிக்கிறவங்க நமக்கு வேணாம்."

உபதேசியார் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஃபிலோ அழுதுகொண்டிருந்தாள், இந்த முறை நிஜமாகவே. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஜெபமாலையும் கூடவே சிக்கிக்கொண்டு வந்தது, அதைப் பிரித்து உள்ளே போட்டார். வீட்டுக்குள் டவர் எடுக்காது. வாசல் கேட்டுக்குப் போய் நின்றார். கூடமே காதைத் தீட்டியது.

வரவேண்டாம் என்பதை அவர் சொல்லிவிட்டார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். உபதேசியார் வானத்தைப் பார்த்தார். பெண்ணுக்கு ஒரு கெட்ட பெயரும் வரக்கூடாது, சொல்வதும் பொய்யாக இருக்கக்கூடாது.

"பொண்ணுக்கு தேவ அழைத்தல் வந்திருக்குங்க" என்றார்.

பங்குச் சாமி பெருமூச்சு விட்டார். அந்தப் பக்கம் சந்தோஷப்பட்டு, எந்தக் கன்னியர் மடத்தில் சேரப்போகிறாள் என்று விசாரித்திருப்பார்கள். உபதேசியார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி, கூடத்தில் அம்மா காலடியில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

"மடம் இல்லைங்க" என்றார். "பாபநாசத்துல ஒரு மோட்டார் கடை."